இரண்டு பிகா நிலமும் பிமல் ராயும்

வங்காளத்திலே நிலத்தைப் பிகாக் கணக்கில் அளப்பது வழக்கம். இடத்துக்கு இடம் அவ்வளவு சற்று வேறுபடுமாயினும், மூன்று வங்காளப் பிகா சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர் எனக் கொள்ளலாம். ஆகவே இரண்டு பிகா என்பது யாழ்ப்பாணத்துக் கணக்கிலே 10 அல்லது 11 பரப்புக் காணிக்கு மேற்படாது. இத்துணைச் சிறிய துண்டு நிலத்தை இழக்கின்ற ஓர் உழவனின் கதையை எடுத்துக்கொண்டு 1953ஆம் ஆண்டிலே பம்பாயிலிருந்து ஒரு படம் வெளிவந்தது. 'தோ பிகா ஜமீன்' என்பது அதன் பெயர். 'இரண்டு பிகா நிலம்' என்பது அப்பெயரின் பொருள். தாகூர் வங்காளத்தில் எழுதிய கவிதையொன்றின் தலைப்பே படத்துக்கும் பெயராயிற்று. அரச குமாரர்களும் புராண தேவர்களும் செல்வர் வீட்டுக் காதலர்களும் ஆட்சி செலுத்திய இந்தித் திரையிலே, கடன்பட்ட குடியானவன் ஒருவன் முழங்காலளவு வேட்டியுடன் கதாநாயகனாக வந்து நின்றான். அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் பிமல் ராய்.

நிலமிழந்தவனின் கதையைச் சொன்ன இவர், நிலமுடைய குடும்பத்திலே பிறந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. 1909ஆம் ஆண்டு டாக்கா மாவட்டத்திலே ஒரு ஜமீன்தார் வீட்டிலே தோன்றினார். இளமையிலே கல்கத்தாவுக்கு வந்து, நியூ தியேட்டர்ஸ் என்னும் புகழ்பெற்ற படக்கம்பெனியில் ஒளிப்பதிவுத் துறையிலே உதவியாளராகச் சேர்ந்தார். பி. என். சர்க்கார் 1931இல் நிறுவிய அக்கம்பெனி, வங்காள இலக்கியத்தைத் திரைக்குக் கொண்டுவந்த ஒரு கலைக்கூடமாகவே விளங்கியது. சரத்சந்திரரின் 'தேவதாஸ்' கதையை பி. சி. பருவா அங்கே படமாக்கியபோது, கே. எல். சைகல் நடித்த இந்திப் பதிப்பின் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர் பிமல் ராய். அவர் நெறியாளராகும் முன்னர்ப் பல ஆண்டுகள் கமராவுக்குப் பின்னே நின்றவர் என்பதை மறந்துவிட்டால், அவருடைய பிற்காலப் படங்களின் தன்மையை விளங்கிக்கொள்ள இயலாது. பேச்சைவிட ஒளியையும் நிழலையும் நம்பும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது.

1944இல் அவர் நெறிப்படுத்திய முதற் கதைப்படமான 'உதயேர் பதே' வங்காளத்திலே வெளியாயிற்று. முதலாளிக்கும் எழுத்தாளனான ஓர் ஏழை இளைஞனுக்கும் இடையே நிகழும் பிணக்கே அதன் கரு. மறு ஆண்டு அதுவே 'ஹம்ராஹி' என்ற பெயரில் இந்தியிலே எடுக்கப்பட்டது. பின்னர் 1950இல் இந்தியாவின் தேசிய கீதமான தாகூரின் பாடல், அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்னரே அவ்விந்திப் படத்திலே ஒலித்தது.

பின்னர் வந்தது பிரிவினை. 1947இல் வங்காளம் இரண்டாகப் பிளந்தபோது, வங்காளப் படங்களுக்கிருந்த சந்தையும் இரண்டாகப் பிளந்தது. கல்கத்தாவின் படக்கம்பெனிகள் தளர்ந்தன. நியூ தியேட்டர்ஸும் அத்தளர்ச்சிக்குத் தப்பவில்லை. பிழைப்பைத் தேடிக் கலைஞர் பலர் மேற்கே பம்பாய்க்குப் புறப்பட்டனர். பிமல் ராய் தனியே போகவில்லை. படத்தொகுப்பாளர் ஹிருஷிகேஷ் முகர்ஜி, எழுத்தாளர் நபேந்து கோஷ் முதலிய தம் குழுவினரையும் உடன்கொண்டு சென்றார். பாம்பே டாக்கீஸுக்காக அவர் எடுத்த 'மா' 1952இல் வெளிவந்தது. ஊரைவிட்டுப் பெருநகரம் வந்து வேலை தேடும் மனிதனின் நிலை எத்தகையதென்பதை இக்குழுவினர் ஏட்டிலே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதே 1952ஆம் ஆண்டு ஜனவரியிலே இந்தியாவின் முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் நடைபெற்றது. இத்தாலிய நெறியாளர் டி சீக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' அங்கே காட்டப்பட்டது. தொழிலுக்கு இன்றியமையாத ஒரு சைக்கிளைப் பறிகொடுத்த தொழிலாளியும் அவனுடைய சிறு மகனும் ரோமாபுரித் தெருக்களிலே அதைத் தேடி அலைவதே கதை, அவ்வளவுதான். அலங்காரமான அரங்கங்கள் இல்லை. நட்சத்திர நடிகர் இல்லை. ஆயினும் இந்தியக் கலைஞர் பலரை அப்படம் உலுக்கிவிட்டது. பிமல் ராய் குழுவினருக்கு அது ஒரு வழியைக் காட்டியது. சலில் சௌத்ரி எழுதியிருந்த ரிக்ஷாக்காரன் பற்றிய கதை அவர்களிடம் இருந்தது. ஹிருஷிகேஷ் முகர்ஜி அதற்குத் திரைக்கதை அமைத்தார். கதையாசிரியரான சலில் சௌத்ரியே இசையமைப்பாளராகவும் ஆனார். தமது சொந்தக் கம்பெனியின் முதற் படமாகவே பிமல் ராய் இதை எடுத்தார் என்பதிலிருந்து அவருடைய துணிவு விளங்கும்.

கதை எளியது. நீண்ட வரட்சிக்குப்பின் மழை பெய்கிறது, ஊர் மகிழ்கிறது. அவ்வேளையிலே ஜமீன்தார் தமது நிலத்தை ஆலை கட்டுவதற்குக் கொடுக்க எண்ணுகிறார். அந்நிலத்தின் நடுவே சம்பு மஹாதோ என்னும் உழவனின் இரண்டு பிகாக் காணி கிடக்கிறது. அவன் விற்க மறுக்கிறான். மறுத்தவுடன் பழைய கடனேடு திறக்கப்படுகிறது. 65 ரூபாய் என்று எண்ணி, வீட்டிலுள்ள சாமான்களை விற்றுப் பணத்துடன் செல்பவனிடம் 235 ரூபாய் கடன் உள்ளதாகக் கணக்குக் காட்டப்படுகிறது. எழுத்தறியாதவன் வைத்த கைந்நாட்டு அவனுக்கெதிராகவே சாட்சி சொல்கிறது. மூன்று மாதத்துள் கட்ட வேண்டுமென்று நீதிமன்றம் தீர்க்கிறது. கல்கத்தாவுக்குப் போய் உழைத்து மீட்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

இந்த இடத்திலே வரலாற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும். 1793இல் கார்ன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் நிலைநாட்டிய நிலவரித் திட்டம், வரி தண்டும் ஜமீன்தாரை நிலத்துக்கே உடையவராக்கிவிட்டது. உழுபவன் அவருடைய தயவிலே வாழ்பவன் ஆனான். சுதந்திரத்தின் பின்னர் இம்முறையை ஒழிப்பதற்குப் பீகாரில் 1950இலும், மேற்கு வங்காளத்தில் 1953இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆகவே ஜமீன்தாரிக்குச் சாவுமணி அடிக்கும் வேளையிலேதான் இப்படம் வெளிவந்தது. எனினும் படம் சட்டத்தைப் பாராட்டும் பிரசாரப் படமன்று. பழைய ஜமீன்தாரும் புதிய ஆலையும் கைகோத்துக்கொண்டால் சட்டப் புத்தகத்திலே வரும் விடுதலை சம்புவின் குடிசையை எட்டுமா என்ற ஐயத்தை அது கிளப்புகிறது. ஆலைகளே நாட்டின் எதிர்காலம் என்று எங்கும் பேசப்பட்ட நாளில் இவ்வையத்தைக் கிளப்பியது சாதாரண காரியமன்று.

சம்புவாக நடித்தவர் பல்ராஜ் சாஹ்னி. ராவல்பிண்டியிலே பிறந்து, லாகூரிலே ஆங்கில இலக்கியத்தில் எம். ஏ. பட்டம் பெற்றவர். தாகூரின் சாந்திநிகேதனத்தில் ஆசிரியராக இருந்தவர். உலகப் போர்க் காலத்தில் லண்டனிலே பி. பி. சி.யின் இந்தி ஒலிபரப்பிலே அறிவிப்பாளராகப் பணிபுரிந்தவர். இத்தகையவரை ரிக்ஷாக்காரனாக எவர்தாம் கற்பனை செய்வர்? மேனாட்டு உடையிலே தம்முன் வந்து நின்றவரைக் கண்டதும் பிமல் ராயும் இவர் இவ்வேடத்துக்குப் பொருந்தார் என்றே எண்ணினார். வங்காளப் பஞ்சத்தைப் பற்றி குவாஜா அகமத் அப்பாஸ் 1946இல் எடுத்த 'தர்தி கே லால்' என்னும் படத்திலே தாம் குடியானவனாக நடித்திருப்பதைச் சாஹ்னி எடுத்துக் கூறிய பின்னரே வேடம் அவருக்குக் கிட்டியது.

அதன் பின்னர்ச் சாஹ்னி செய்தவற்றை அவரே தமது தன்வரலாற்றில் விரித்திருக்கிறார். பம்பாயின் புறநகரான ஜோகேஷ்வரியிலே, வடநாட்டிலிருந்து வந்து மாடு வளர்த்துப் பால் விற்போர் வாழும் சேரிக்கு நாள்தோறும் சென்றார். அவர்கள் தலைத்துணியைக் கட்டும் விதம், நடக்கும் நடை, உண்ணும் முறை ஆகிய யாவற்றையும் கூர்ந்து கவனித்தார். ஆயினும் கல்கத்தாத் தெருவிலே மெய்யான ரிக்ஷாவைப் பிடித்து இழுத்தபோது அவருடைய நம்பிக்கை தளர்ந்தது. படித்த மனிதன் ஏழைபோலப் பாசாங்கு செய்வதாகவே தமக்குத் தோன்றியதென்கிறார். அந்நிலையிலே நடுவயது கடந்த ரிக்ஷாக்காரர் ஒருவர் அவரிடம் வந்து, என்ன நடக்கிறதென்று வினவினார். சாஹ்னி படத்தின் கதையைச் சொன்னார். கேட்டவரின் கண்கள் கலங்கின. பீகாரிலே தமக்கும் இரண்டு பிகா நிலம் இருந்ததென்றும், அதுவும் ஜமீன்தாரிடம் அடைமானத்திலே கிடப்பதாகவும், அதை மீட்பதற்காகவே பல ஆண்டுகளாக ரிக்ஷா இழுப்பதாகவும் அவர் கூறினார். அக்கதை தம்முடையதே என்று சொல்லிக்கொண்டே அவர் அப்பாற் சென்றார். அன்றுடன் நடிப்புச் சாத்திரங்களைத் தூர வைத்துவிட்டு, அம்மனிதரின் உயிரையே தம்முள் வாங்கிக்கொண்டதாகச் சாஹ்னி எழுதுகிறார்.

இதன் பயனைத் திரையிலே காணலாம். சம்பு அழுது புலம்புவதில்லை, நீளப் பேசுவதுமில்லை. முன்னே போகும் வண்டியைத் துரத்திப் பிடிக்க வேண்டுமென்ற வெறியிலே, சவாரிக்காரன் கூலியை ஏற்றிக்கொண்டே போகும் காட்சி ஒன்று உண்டு. ரூபாய் ஏறஏறச் சம்புவின் ஓட்டமும் ஏறுகிறது. கால்கள், சில்லு, மூச்சு, மீண்டும் கால்கள் என்று காட்சி விரைகிறது. சவாரிக்காரனுக்கு அது விளையாட்டு. இழுப்பவனுக்கோ ஒவ்வொரு ரூபாயும் காணியின் ஒரு துண்டு. இறுதியிலே சில்லுக் கழன்று அவன் வீழ்கிறான். எந்த வசனமும் சொல்ல முடியாததை அக்காட்சி சொல்லிவிடுகிறது.

மனைவி பார்வதியாக வந்தவர் நிரூபா ராய். புராணப் படங்களிலே தேவியாகத் தோன்றிப் பெயர்பெற்றிருந்த அவர், இப்படத்திலே குடிசைப் பெண்ணாகத் தோன்றினார். சிறுவன் கன்ஹையாவாக வந்த ரத்தன் குமாரும், சப்பாத்துத் துடைக்கும் பையனாக வந்த ஜக்தீப்பும் நகரத் தெருவிலேயே வளர்ந்த பிள்ளைகள் போலவே இருக்கின்றனர்.

குறையே இல்லாத படமென்று இதைக் கூறுவதற்கில்லை. நகரத்துக்கு வந்த குடும்பத்தின் மீது துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டப்படுகின்றன. மூட்டை திருட்டுப் போகிறது, கணவன் விழுந்து காயப்படுகிறான், அவனைத் தேடி வந்த மனைவி மோட்டார் வண்டியில் அடிபடுகிறாள். டி சீக்காவின் படத்திலே ஒரு சைக்கிள் மட்டுமே தொலைகிறது, அதுவே போதுமாயிற்று. இந்திப் படவுலகின் பழைய பழக்கம், அதை விட்டு விலக முனைந்த கலைஞரையும் சற்றே பின்னிருந்து இழுத்துவிட்டது எனலாம். ஆனால் முடிவிலே அக்குறை மறைந்துவிடுகிறது. ஊர் திரும்பிய குடும்பம் தம் காணியைச் சுற்றி அடைக்கப்பட்ட வேலிக்கு வெளியே நிற்கிறது. உள்ளே ஆலை எழும்புகிறது. சம்பு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான். காவற்காரன் அதையும் பறித்துக்கொள்கிறான். அவர்கள் நடந்து செல்கிறார்கள்.

1954இல் கான் திரைப்பட விழாவிலே இப்படத்துக்குச் சர்வதேசப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட பிலிம்பேர் விருதுகளிலே சிறந்த படத்துக்கும் சிறந்த நெறியாளருக்குமான விருதுகள் இதற்கே வந்தன. அந்நெறியாளர் விருதை பிமல் ராய் தம் வாழ்நாளில் 7 முறை பெற்றார்.

1955இல் அவர் தாம் முன்னர் ஒளிப்பதிவு செய்த 'தேவதாஸ்' கதையைத் தாமே மீண்டும் எடுத்தார். இக்கதை தமிழ் மக்களுக்கு அந்நியமானதன்று. நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த தமிழ்த் 'தேவதாஸ்' 1953இல் வெளிவந்து நம் மக்கள் உள்ளத்தில் நிலைத்துவிட்டது. அதைக் கண்டவர்கள் பிமல் ராயின் படத்தைக் காணும்போது, அதன் அடக்கம் முதலில் வியப்பையே தரும். தேவதாஸாக வந்த திலீப் குமார் குரலை உயர்த்துவதேயில்லை. குடியிலே அழிபவனின் களைப்பைக் கண்ணிமையிலும் தளர்ந்த தோளிலும் காட்டினார். பார்வதியாகச் சுசித்ரா சென்னும், நாட்டியக்காரி சந்திரமுகியாகச் சென்னையிலிருந்து சென்ற வைஜயந்திமாலாவும் நடித்தனர்.

ஒருவனையே நேசித்த இவ்விரு பெண்களும் படத்தில் ஒரே ஒரு முறைதான் எதிர்ப்படுகின்றனர். ஒருத்தி பல்லக்கிலே வருகிறாள். மற்றவள் அதே பாதையில் கால்நடையாக வருகிறாள். இருவர் கண்களும் சந்திக்கின்றன. பல்லக்குக் கடந்து போய்விடுகிறது. யார், எவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் பேசப்படவில்லை. வேறொருவர் கையிலே கிடைத்திருந்தால் பத்து நிமிட வசனமும் ஒரு பாட்டுமாக விரிந்திருக்கக்கூடிய சந்தர்ப்பம் இது. இதற்காகவே பிமல் ராயைப் பெருங்கலைஞரென்று ஒப்புக்கொள்ளலாம். சந்திரமுகி வேடத்துக்குச் சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் விருது அளிக்கப்பட்டபோது வைஜயந்திமாலா அதை ஏற்க மறுத்தார். கதையிலே சந்திரமுகி பார்வதிக்குத் துணைப் பாத்திரமல்லள், அவளுக்கு நிகரானவள் என்பதே அவர் கொண்ட நியாயம். அப்பல்லக்குக் காட்சியைப் பார்த்தவர் அந்நியாயத்தை மறுக்கமாட்டார்.

புகழ் வந்த அளவுக்குப் பொருள் வரவில்லை. கம்பெனியைக் காப்பாற்றப் பெருவெற்றி ஒன்று தேவைப்பட்டது. ரித்விக் கட்டக் எழுதிய மறுபிறவிக் கதையைக் கொண்டு 1958இலே 'மதுமதி' எடுக்கப்பட்டது. மலையும் மூடுபனியும் பாழடைந்த மாளிகையும் நிறைந்த அப்படத்தில் திலீப் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்தனர். 9 பிலிம்பேர் விருதுகளை அது வென்றது. சலில் சௌத்ரியின் பாடல்களே அதன் உயிர்நாடி.

இந்திப் பாடல்கள் அந்நாளில் பரவியதிலே கொழும்புக்கும் ஒரு பங்கு உண்டு. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் இரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாமற் செய்தார். இந்திய நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா' பம்பாயிலே ஒலிப்பதிவு செய்யப்பட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, இங்கிருந்து சிற்றலையில் மீண்டும் இந்தியா முழுவதும் சென்றது. 1957இல் இந்திய அரசு விவித் பாரதியைத் தொடங்கிய பின்னரும் அப்பழக்கம் எளிதில் மாறவில்லை. இலங்கை வானொலியின் இந்தி நிகழ்ச்சிகளிலே அறிவிப்பாளராகக் குரல் கொடுத்த இளைஞர் ஒருவர் பின்னர் நடிகராகிப் பெயர் பெற்றார். அவரே சுனில் தத். பிமல் ராயின் 'சுஜாதா'விலே அவர்தான் நாயகர்.

1959இல் வெளிவந்த 'சுஜாதா', தீண்டாமையைப் பொருளாகக் கொண்டது. கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த தாழ்த்தப்பட்ட குலத்துக் குழந்தையைப் பிராமண என்ஜினியர் வீடொன்று வளர்க்கிறது. கொடுமைக்காரர் எவரும் அவ்வீட்டிலே இல்லை. உணவுண்டு, உடையுண்டு, அன்புமுண்டு. ஆயினும் விருந்தினர் வந்தால், தம் வயிற்றிற் பிறந்தவளை மகள் என்று சொல்லும் தாய், சுஜாதாவை மகள் மாதிரி என்று அறிமுகம் செய்கிறாள். 'மாதிரி' என்ற அந்த ஒரு சொல்லின் கூர்மை, சவுக்கடியைவிடக் கொடிது. ஒவ்வொரு முறையும் அச்சொல் விழும்போது நூதனின் முகத்திலே ஏற்படும் மாற்றத்தைக் கமரா அமைதியாகக் காத்திருந்து பிடிக்கிறது. இந்திய அரசியலமைப்பு 1950இலேயே தீண்டாமையை ஒழித்தது; 1955இல் அதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. சட்டம் நுழைய முடியாத கூடத்துக்குள்ளே, நல்லவர்களின் நாவிலே, அது எவ்வாறு தங்கியிருக்கிறதென்பதையே இப்படம் காட்டியது.

நாயகன் தொலைபேசியிலே பாட, மறுமுனையிலே சுஜாதா கண்ணீர் வழியக் கேட்டு நிற்கும் காட்சியும் இப்படத்தில்தான் உண்டு. தலத் மஹ்மூதின் நடுங்குங் குரல் கம்பி வழியே வருகிறது. ஒலிவாங்கியின் முன்னே பழகிய ஒருவருக்கு இத்தகைய காட்சி வாய்த்தது பொருத்தமே. படத்தின் முடிவு மட்டும் இவ்வுயரத்தில் நிற்கவில்லை. நோயுற்ற தாய்க்குச் சுஜாதாவின் இரத்தமே பொருந்தியதென்று காட்டித்தான் தாயின் மனத்தை மாற்றவேண்டியிருந்தது. இரத்தம் பொருந்தாமற் போயிருந்தால் அவள் மகளாக மாட்டாளா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

திருமணத்தின் பின் நடிப்பிலிருந்து விலகியிருந்த நூதனை மீண்டும் அழைத்து 1963இலே 'பந்தினி'யை எடுத்தார். சிறையதிகாரியாக இருந்த ஜராசந்தர் என்னும் வங்காள எழுத்தாளரின் கதை அது. நூதன் நடித்த கல்யாணி கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவள். தன்னைக் கைவிட்டுச் சென்ற சுதந்திரப் போராளியின் மனைவிக்கே, அவள் யாரென்று தெரியாமல், பணிவிடை செய்ய நேர்கிறது. உண்மை தெரிந்த இரவிலே அவள் மனம் புரள்கிறது. நஞ்சைக் கையிலெடுக்கும் அவ்வேளையில் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வெளியே இரும்பை அடிக்கும் ஓசை ஓயாமல் ஒலிக்கிறது. இரும்பு பற்றவைக்கும் தீயொளி சன்னலூடே அவள் முகத்திலே விட்டுவிட்டுப் பாய்கிறது. இருளும் ஒளியும் மாறிமாறி வரும் அம்முகத்திலே ஒரு நல்ல பெண் கொலைகாரியாவதைப் பார்வையாளர் காண்கின்றனர். கண்ணை மூடிக்கொண்டு ஓசையை மட்டும் கேட்டாலும் நெஞ்சு பதறும் காட்சி இது.

'பந்தினி' அவர் நெறிப்படுத்தி முடித்த கடைசிக் கதைப்படம். அதில் ஒரு பாடலை எழுதி அறிமுகமான குல்சாரும், நெடுநாள் உடனிருந்த ஹிருஷிகேஷ் முகர்ஜியும் பிற்காலத்தில் தாமே புகழ்பெற்ற நெறியாளர்களாயினர். பல்ராஜ் சாஹ்னி 1973இல் மறையுமுன், பிரிவினையால் நிலைகுலையும் ஒரு முஸ்லிம் குடும்பத் தலைவராகக் 'கரம் ஹவா'விலே நடித்து முடித்தார். வீட்டை இழக்கும் அம்முதியவரின் நடையிலே சம்புவின் நடை தெரிகிறது. 'தோ பிகா ஜமீன்' படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதி 2025இல் வெனிஸ் திரைப்பட விழாவிலே காட்டப்பட்டது.

சமரேஷ் பாசு எழுதிய நாவல் ஒன்றைத் தழுவிக் கும்பமேளாவைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டுமென்பது பிமல் ராயின் நீண்ட நாள் எண்ணம். மேளாவிற் கூடும் மக்கள் வெள்ளத்தைப் படம் பிடிக்கும் வேலையையும் தொடங்கியிருந்தார். 1966 ஜனவரியில், 56ஆம் வயதிலே, புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. எடுத்த மட்டிலே நின்றுபோன அப்படச்சுருள்களை அவருடைய மகன் பல ஆண்டுகளின் பின்னர்க் கண்டெடுத்து, ஒரு சிறு ஆவணப்படமாகத் தொகுத்தார். பெயர் தெரியாத ஆயிரமாயிரம் யாத்திரிகர்கள், மூட்டைகளைத் தலையிலே சுமந்தபடி, அதிலே நடந்துகொண்டிருக்கிறார்கள்.